வாசலைவிட நாலு விரல் அகலம்

கப்பலிலிருந்து
9 நவம்பர் 1999

அன்புள்ள பிளி முதித்தாவுக்கு,

உங்கள் சுகெர்த்தி எழுதுவது. நான் நலம். முதுகுக்கும் எனக்கும் மட்டும் பேச்சுவார்த்தை இல்லை. நாளுக்குப் பதினேழு அறை கூட்டி, பெருக்கி, விரிப்பு மாற்றி, கடைசியில் துண்டை மடித்து அன்னப்பறவை செய்து கட்டிலில் வைக்க வேண்டும். அன்னம் கோணலாக இருந்தால் மேற்பார்வைக்காரர் முகமும் கோணலாகிவிடும்.

என் அறைத்தோழி நான் உங்களுக்கு எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "பிளின்னா அண்ணன்தானே? புருஷனைப் போய் அண்ணன்னு கூப்பிடுவியா?" என்று சிரிக்கிறாள். எங்கள் பாலியில் அப்படித்தான் என்றேன். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

போனில் பேசினால் எதிர்முனையில் அண்ணியின் கடை, சுற்றிலும் காது. நான் அழவே முடிவதில்லை. அதனால் கடிதமே மேல்.

ரஸ்மினியின் ஏழாம் மாதச் சடங்கைப் பற்றி நாலே வரி எழுதியிருக்கிறீர்கள். பிறந்ததிலிருந்து இருநூற்றுப் பத்து நாள் தரையில் விடாமல் சுமந்த பிள்ளை, முதல் முறையாக மண்ணை மிதித்திருக்கிறாள். அதைப் போய் "நல்லபடியாக நடந்தது" என்று எழுதினால் போதுமா? மிதித்ததும் சிரித்தாளா, அழுதாளா? விரலை மடக்கினாளா? ஐந்து வாரம் பொறுத்துக் கிளம்பியிருந்தால் நானே பார்த்திருப்பேன். கப்பல் பொறுக்காதே.

இப்போது விஷயம். இங்கே மேல்தளத்தில் குழந்தைகளை உட்காரவைத்துத் தள்ளும் வண்டிகளைப் பார்க்கிறேன். விதவிதமாக இருக்கின்றன. ஒன்று குடை மாதிரி மடங்குகிறது. ஒன்றில் குழந்தை நம் முகத்தைப் பார்த்து உட்காரலாம், திருப்பிப் போட்டால் ஊரைப் பார்க்கலாம். ஜூலையில் வந்ததும், சாயங்காலம் சானூர் கடற்கரைப் பாதையில் நம் பெண்ணை ஒன்றில் வைத்துத் தள்ளிக்கொண்டு படகுகள் கிடக்கும் இடம்வரை நடக்க வேண்டும். நீங்களும் நானும் ஆளுக்கொரு கை. எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

நம் வீட்டு வாசல் என்ன அகலம் என்று அளந்து எழுதுங்கள். சக்கரம் பற்றி உங்களைவிட யாருக்குத் தெரியும்?

முத்தங்களுடன்,
சுகெர்த்தி

*

சானூர்
2 டிசம்பர் 1999

என் சுகெர்த்திக்கு,

ஊர் முழுக்கப் பஞ்சர் ஒட்டும் உன் புருஷன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். மழை ஆரம்பித்துவிட்டது. ஆணியெல்லாம் சேற்றில் ஒளிந்துகொள்ளும் காலம், கடைக்கு நல்ல கூட்டம்.

வண்டியைப் பற்றிக் கேட்டாய். நம் தெருவில் தள்ளுவண்டியில் போவது பக்ஸோ சூப் ஒன்றுதான். நீ பெண்ணை வைத்துத் தள்ளினால் நாலு பேர் கிண்ணத்தோடு வந்து, "எங்களுக்கு ரெண்டு கறி உருண்டை, காரம் தூக்கலா" என்று நிற்பார்கள்.

சரி, கேலி போதும். வாசல், அப்பா உடம்பை அளந்து கட்டியது. அவர் இடுப்பில் இரண்டு கையையும் வைத்து நிற்க, முழங்கைக்கு முழங்கை எவ்வளவோ அவ்வளவு. அப்பா ஒல்லி, உனக்குத்தான் தெரியுமே. அண்ணன் சுதபா இப்போதெல்லாம் வயிற்றைப் பக்கவாட்டில் திருப்பித்தான் உள்ளே வருகிறார். அதற்கு முன்னால் மூன்று படி. உள்ளே வந்ததும் மறைப்புச் சுவர். கெட்டதுக்கு வளைந்து போகத் தெரியாது என்று கட்டிவைத்த சுவர், உன் வண்டிக்கு மட்டும் எப்படித் தெரியும்? சின்னச் சக்கரம் நம் ஜல்லியில் உருளாது. காற்றடிக்கும் சக்கரம்தான் சரி. ஆனால் அது அகலம்.

எதற்கு இதெல்லாம்? என் கை இருக்கிறது. கடைக்குப் போனாலும் துணித்தூளியில் என் நெஞ்சோடுதான் இருக்கிறாள். டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வருமே, அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்படி ஒரு சிரிப்பு.

சாதுவான பிள்ளை. எதற்கும் அவசரப்படுவதில்லை.

உன்,
முதித்தா

*

கப்பலிலிருந்து
5 ஜனவரி 2000

அன்புள்ள பிளிக்கு,

உங்கள் கை இருக்கிறது, தெரியும். என் கை எங்கே போவது? ஊருக்கு வந்த பிறகும் தூளி உங்கள் நெஞ்சில்தான் தொங்கும், நான் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வண்டி என்றால் எனக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

அதனால் நானே முடிவு பண்ணிவிட்டேன். உங்கள் அப்பா முழங்கைக்குள் நுழைய வேண்டும், ஒரே கையால் மடங்க வேண்டும், மோட்டார் சைக்கிளில் இடுக்கிக்கொண்டு போகிற எடையில் இருக்க வேண்டும். பயணி ஒருத்தியிடம் கேட்டேன். "முதல்ல பட்டையைப் பாரு. தோள்ல ரெண்டு, இடுப்புல ரெண்டு, காலுக்கு நடுவுல ஒண்ணு" என்றாள். துறைமுகக் கடையில் பத்து வண்டிகளைத் தள்ளிப் பார்த்தேன், கடைக்காரன் கொட்டாவி விடும்வரை. நீல நிறத்தில் ஒன்று. குடை மாதிரி மடங்குகிறது. இங்கே வேலை பார்க்கும் கியான்யார் ஊர்க்காரர் விராத்தா இந்த மாதக் கடைசியில் ஊர் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். சக்கரம் சின்னதுதான். திட்டாதீர்கள்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். போன வாரம் என் அறைகளில் ஒன்றில் ஒரு குடும்பம். பையனுக்குப் பதினோரு வயது இருக்கும், மீசை முளைக்கக் காத்திருக்கிறது. அவனைப் பெரிய தள்ளுவண்டியில் வைத்து அம்மா கப்பல் முழுக்கத் தள்ளுகிறாள்! சாப்பாட்டை வேறு ஊட்டிவிடுகிறாள். செல்லம் கொடுக்கலாம், இப்படியா? அறைத்தோழியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நம் பெண்ணை நீங்கள் இப்படிக் கெடுத்துவைக்காதீர்கள், சொல்லிவிட்டேன். பத்து மாதம் ஆகிறது. தவழ ஆரம்பித்திருப்பாள். தொட்டி, ஆணி, கோந்து எல்லாம் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

உங்கள்,
சுகெர்த்தி

*

சானூர்
11 பிப்ரவரி 2000

என் சுகெர்த்திக்கு,

விராத்தா வந்தார், வண்டியும் வந்தது. அழகான நீலம். அண்ணி நாலு முறை மடித்து நாலு முறை விரித்துப் பார்த்தாள். வாசலிலும் நுழைந்தது.

ஜல்லியில் ஒரு சக்கரம் போய்விட்டது. இப்போது கொட்டகையில் மாட்டிவைத்திருக்கிறேன். வருத்தப்படாதே.

ஒன்று கேட்க வேண்டும். நீ எழுதியிருந்தாயே, பதினோரு வயதுப் பையன், அவனுடைய வண்டி எப்படி இருந்தது? சாய்மானம் தலைவரை வந்ததா? மார்புக்குக் குறுக்கே பட்டை இருந்ததா? பக்கத்தில் அண்டக் கொடுக்க ஏதாவது வைத்திருந்தார்களா? சக்கரம் எத்தனை அங்குலம்? நினைவிருந்தால் எழுது. படம் வரைந்தாலும் நல்லது.

மழை விடவில்லை. கடை பரவாயில்லை.

முதித்தா

*

கப்பலிலிருந்து
8 மார்ச் 2000

பிளி,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் இரண்டு எழுதிக் கிழித்தேன்.

சக்கரம் போய்விட்டதா? சானூரில் யார் சக்கரம் போனாலும் உங்களிடம்தானே வருகிறார்கள்? மூன்று துண்டான சைக்கிளை ஓட வைத்தவர் நீங்கள். என் வண்டியின் சின்னச் சக்கரம் ஒன்றைச் செய்ய முடியாமல் கொட்டகையில் மாட்டிவிட்டீர்களா? நான் வாங்கியது பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். என்னிடம் உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரியாததைச் செய்யாதீர்கள்.

அந்தப் பையனின் வண்டியைப் பற்றி எதற்கு இத்தனை கேள்வி? அவர்கள் அந்த வாரமே இறங்கிப் போய்விட்டார்கள்.

நேற்று உங்கள் போட்டோக்களை எல்லாம் தலையணையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆறு படம். ஆறிலும் உங்கள் தூளியில் இருக்கிறாள். ஒன்றில்கூடத் தரையில் இல்லை, பாயில் இல்லை. ஆறிலும் உங்கள் உள்ளங்கை அவள் பிடரியில் இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி வந்தால் ஒரு வயது. ஒரு வயதுப் பிள்ளைக்குப் பிடரியை ஏன் பிடிக்க வேண்டும்?

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ரஸ்மினி உட்காருகிறாளா?

சுகெர்த்தி

*

சானூர்
7 ஏப்ரல் 2000

என் சுகெர்த்திக்கு,

உட்காரவில்லை.

இந்த வாரம் நியெப்பி மௌன நாள் வந்து போனது. தீவு முழுக்க ஒருவரும் வாசலைத் தாண்டவில்லை, அடுப்பு மூட்டவில்லை, தெருவில் நாய் மட்டும் நடந்தது. முற்றத்தில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நாள் நம் பெண்ணும் ஊரில் எல்லாரையும் போல இருந்தாள். அப்போதே உனக்கு எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உன் வண்டி உடையவில்லை. அதில் வைத்துப் பட்டைகளைப் போட்டேன். முதலில் தலை ஒரு பக்கம் போனது, பிறகு உடம்பும் பின்னாலேயே சரிந்து, பட்டை கழுத்துக்கு வந்துவிட்டது. பயந்துபோய்த் தூக்கிவிட்டேன். துணி மட்டும் இருக்கிற வண்டி அது. அதில் உட்கார, உட்காரத் தெரிந்திருக்க வேண்டும்.

டென்பசாரில் ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போய்விட்டேன். கை கால் பயிற்சி கொடுக்கும் ஹர்த்தினி அம்மா என்று ஒருத்தர், ஜாவாக்காரர். நிதானமாகச் சொன்னார்: "பொறக்கும்போதே மூளைக்குக் கொஞ்ச நேரம் காத்து போகல. யாரு தப்பும் இல்லை. பேசறதெல்லாம் புரியும் அவளுக்கு. சிரிப்பா, கோவப்படுவா. ஆனா நடக்கிறது சந்தேகம்தான், தம்பி. நல்லா தாங்கிப் பிடிக்கிற மாதிரி ஒரு வண்டி பாருங்க. வளரவளர அதுதான் அவளுக்குக் காலு."

அதனால்தான் அந்தப் பையனின் வண்டியைக் கேட்டேன். நீ சிரித்ததாக எழுதியிருந்ததைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை. உனக்குத் தெரியாதே. படித்துவிட்டுக் கடையை ஒரு மணி நேரம் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

யார் தப்பும் இல்லை என்றார். எனக்கு அது ஏறவில்லை. ஏன் என்று சொல்கிறேன், சொன்ன பிறகு நீ என்னை என்ன வேண்டுமானாலும் செய்.

நீ போன பத்தாம் நாள். கடையில் இடுப்பில் வைத்திருந்தேன். நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று சாய்ந்தது, ஒரு கையால் அதைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் பிள்ளை நழுவி, இரண்டு பாதமும் தொட்டித் தண்ணீர் வழிந்த சேற்றில் பட்டுவிட்டது. சடங்குக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. துடைத்துவிட்டேன். சடங்கன்று பூசாரி, "பிள்ளை கால் இதுக்கு முன்னாடி மண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நைவேத்தியத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு இல்லை என்றேன். பிறகு அவளை மண்ணில் நிறுத்தினோம். கால் இரண்டும் கத்தரிக்கோலாகப் பின்னிக்கொண்டன. எல்லாரும் கூச்சம் என்று சிரித்தார்கள். காரணம் எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன். அதனால்தான் உனக்கு நாலே வரி.

அதற்குப் பிறகு அவளை நான் தரையில் விடவே இல்லை. விட்டிருந்தால் முன்னாலேயே கண்டுபிடித்திருப்போம் என்று ஹர்த்தினி அம்மா சொல்கிறார். அதையும் சேர்த்து வைத்துக்கொள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சக்கரம் என்றால் தெரியும். இது தெரியவில்லை.

முதித்தா

*

கப்பலிலிருந்து
28 ஏப்ரல் 2000

என் பிளிக்கு,

கடிதத்தை விரிப்பு அலமாரிக்குள் நின்று படித்தேன். அன்று ஒரு அறைக்கும் அன்னம் செய்யவில்லை. மேற்பார்வைக்காரர் ஏன் என்று கேட்டார். கை வரவில்லை என்றேன்.

கோபமாக எழுத நினைத்தேன். ஆறு மாதம் என்னிடம் மறைத்தீர்களே என்று. கோபம் இருக்கிறது. ஆனால் அதை உங்கள்மேல் போட எனக்கு யோக்கியதை இல்லை. கேளுங்கள்.

நான் கிளம்பிய அன்று காலை, நீங்கள் என் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் பின்னால் போனேன். சடங்கு நடக்கும்போது நான் எங்கேயோ கடலில் இருப்பேன், அவள் முதல் முறை மிதிப்பதை ஊரே பார்க்கும், பெற்றவள் பார்க்க மாட்டாள். அது எனக்குத் தாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, என் பாதத்துக்குப் பக்கத்தில் அவள் பாதத்தை வைத்தேன். மூன்று எண்ணும்வரை. அவள் விரலை மடக்கிக்கொண்டாள். மண் அவளை வேண்டாம் என்கிறது என்று எனக்குப் பட்டது. துடைத்துவிட்டுக் கப்பலுக்கு வந்துவிட்டேன்.

அதனால் உங்கள் சேறு இரண்டாவது, பிளி. முதலாவது நான். பூசாரியிடம் நீங்கள் பொய் சொன்னது பாதிதான். மீதிப் பொய் என்னோடு கப்பலில் இருந்தது. விரலை மடக்கினாளா என்று முதல் கடிதத்தில் ஏன் கேட்டேன் என்று நினைத்தீர்கள்?

அந்தப் பையனை நினைத்தால் என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. அவன் அம்மா ஒவ்வொரு நாளும் எனக்கு நன்றி சொன்னாள். நான் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன்.

போன வாரம் வேறொரு குடும்பம் ஏறியது. ஒன்பது வயதுப் பெண், அதே மாதிரி வண்டி. இந்த முறை நான் சிரிக்கவில்லை, கதவில் நின்று கேட்டுவிட்டேன். "என் பொண்ணுக்கும் இப்படித்தான். உங்க வண்டியை அளந்துக்கட்டுமா?" அந்த அம்மா பிள்ளையைத் தூக்கிக் கட்டிலில் விட்டாள். அளவுநாடா எங்கே இருக்கிறது இங்கே? என் ஏப்ரன் நாடாவை அவிழ்த்தேன். அவளே முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். பிறகு, "நீங்க உக்காந்து பாருங்க, அப்பத்தான் தெரியும்" என்று என்னை அதில் உட்காரவைத்து, மார்புப் பட்டை போட்டு, நடைவழியில் தள்ளினாள். மேற்பார்வைக்காரர் எதிரே வந்தார். பார்த்தார். சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்.

நாடாவை இதோடு வைத்திருக்கிறேன். முனையிலிருந்து ஒற்றை முடிச்சு, இருக்கை அகலம். இரட்டை முடிச்சு, முதுகுச் சாய்மானம். மூன்று முடிச்சு, சக்கரத்துக்குச் சக்கரம். நம் பெண்ணுக்கு இருக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள், சட்டத்தைக் குறைக்க வேண்டாம், வளருவாள். இரண்டு பக்கமும் பஞ்சு வைத்து அண்டக் கொடுக்க வேண்டுமாம். கால் பலகையில் பாதம் தட்டையாகப் படிய வேண்டுமாம், தொங்கக் கூடாது. முகம் நம்மைப் பார்க்கிற மாதிரி வேண்டுமா, ஊரைப் பார்க்கிற மாதிரி வேண்டுமா என்று கேட்டேன். "முதல் வருஷம் உங்களைப் பாக்கட்டும். அப்புறம் அவளே சொல்லுவா" என்றாள்.

கடையில் விற்பது எதுவும் நம் ஜல்லிக்கு ஆகாது. நீங்களே செய்யுங்கள். உங்களுக்குச் சக்கரம் தெரியும்.

உங்கள்,
சுகெர்த்தி

*

சானூர்
16 மே 2000

என் சுகெர்த்திக்கு,

உன் கடிதத்தைப் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன். அடுப்படி வந்த இடத்தில் சிரித்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

ஹர்த்தினி அம்மாவிடமும் நம் இருவர் குற்றத்தையும் ஒப்பித்துவிட்டேன். கேட்டுவிட்டு, "அப்ப மூணாவது குத்தவாளி யாருன்னு சொல்லுங்க, சேத்துக் கேசு போட்டுடலாம்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று மறுபடியும் சொன்னார். பாதி ஏறியிருக்கிறது எனக்கு. பயிற்சிக்கு இனி வாரம் மூன்று முறை வரச் சொல்கிறார்.

வண்டி முடிந்துவிட்டது. சட்டம் இரும்புக் குழாய், பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்தது. பின்னால் சின்னப் பிள்ளைகள் சைக்கிள் சக்கரம் இரண்டு, காற்று நானே அடித்தது, அதிகம் இல்லாமல், ஜல்லியில் குலுங்காத அளவு. இருக்கைத் துணி உன் நீல வண்டியிலிருந்து வெட்டியது. பக்கத்துக்கு இலவம்பஞ்சு. மார்புப் பட்டைக்குப் பழைய டியூப் ரப்பர், உள்ளே துணி சுற்றி. முதல் முறை வைத்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தாள். தலையை நானில்லாமல் அவளே வைத்துக்கொண்டாள். என் கை இரண்டும் சும்மா இருந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

இதைக் கடையில் செய்தேன், வீட்டில் அல்ல. உன் மூன்று முடிச்சு நம் வாசலைவிட நாலு விரல் அகலம்.

அண்ணனிடம் வாசலை இடித்துக் கட்டலாமா என்று கேட்டேன். வீட்டுக்குப் பெரியவர் அவர், அவர் சொல்லாமல் ஒரு கல்லை எடுக்க முடியாது. "அப்பா உடம்புடா அது. அப்பாவை இடிக்கச் சொல்றியா?" என்றார். பிறகு, "இத்தனை பெரிய வண்டில வெச்சுத் தெருத்தெருவா தள்ளி ஊருக்குக் காட்டணுமா? வீட்டுக்குள்ள இருந்தா என்ன குறைச்சல் அவளுக்கு?" என்றார். அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்மேல் எனக்குக் கோபப்படக்கூடத் தெரியவில்லை. அவர் சொன்னதை நானே எட்டு மாதமாகச் செய்துகொண்டிருந்தேன், தூளிக்குள் மறைத்து.

இப்போது வண்டி வாசலுக்கு வெளியே சுவரோரம், ஓலை போட்டு மூடி நிற்கிறது. பெண் உள்ளே இருக்கிறாள்.

முதித்தா

*

கப்பலிலிருந்து
3 ஜூன் 2000

அன்புள்ள பிளிக்கு,

அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததை எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வீர்கள்.

அண்ணனோடு சண்டை போடாதீர்கள். வாசல் வழியாகப் போகவில்லை என்றால், வண்டி வெளியிலேயே நிற்கட்டும், பிள்ளையைத் தூக்கி வந்து உட்காரவையுங்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை ஆனாலும் செய்யுங்கள். ஆனால் வெளியே கொண்டுபோங்கள். ஊர் பார்க்கட்டும். நான் பார்த்துச் சிரித்த மாதிரி யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பிளி. எனக்கு ஒருத்தி நாடா முடிந்து கொடுத்த மாதிரி ஒருத்தராவது இருப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும், சொல்லவும் பயமாக இருக்கிறது. செப்டம்பரில் மறுபடி வரச் சொல்கிறார்கள். இன்னும் பத்து மாதம். பதில் சொல்லவில்லை. பயிற்சிக்கு வாரம் மூன்று முறை டென்பசார் போய்வர வேண்டும் என்கிறீர்கள், கடை அதைத் தாங்காது என்றும் எனக்குத் தெரியும். போனாலும் தப்பு, இருந்தாலும் தப்பு என்று தோன்றுகிறது. கட்டில்விரிப்பை உதறும்போதெல்லாம் ஒரு பதில் வருகிறது, மடிக்கும்போது வேறு பதில் வருகிறது.

ஜூலை நாலாம் தேதி வந்து இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு அவளைக் கூட்டி வராதீர்கள். என்னைத் தெரியாமல் அழுவாள், அதைக் கூட்டத்தில் வைத்து என்னால் பார்க்க முடியாது. வீட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள்,
சுகெர்த்தி

*

சானூர்
18 ஜூன் 2000

என் சுகெர்த்திக்கு,

நீ கிளம்புமுன் இது கையில் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நீ சொன்னதை நானாகவே முன்பே ஆரம்பித்திருந்தேன். காலையும் மாலையும் ஓலையை எடுப்பேன், வண்டியைத் துடைப்பேன், பிள்ளையைத் தூக்கி வந்து வைப்பேன். கடற்கரைப் பாதைவரை போய்விட்டு வருவோம். பார்த்தார்கள். பக்ஸோக்காரர் தன் வண்டியை நிறுத்தி, "உன்னுது நல்லா உருளுதே, என் சக்கரத்தையும் கொஞ்சம் பாரேன்" என்றார். இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நம் பெண் எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள், திருப்பிக்கொண்டவர்களையும்.

போன வியாழக்கிழமை திரும்பி வரும்போது தூறல். அவளை வண்டியோடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே பாலிதீன் விரிப்பு எடுக்க ஓடினேன். அது எங்கே என்று தேடுவதற்குள் மழை கொட்டிவிட்டது. வெளியே வந்தால் அண்ணன் நிற்கிறார். கோயில் கூட்டத்திலிருந்து வந்திருக்கிறார், நல்ல உடுப்பு, தலைப்பாகை. வண்டியை உள்ளே தள்ளிப் பார்த்திருக்கிறார், படிக்கே ஏறவில்லை. பட்டையை அவிழ்க்கப் பார்த்திருக்கிறார், தெரியவில்லை. விட்டுவிட்டு உள்ளே போகவும் மனம் வரவில்லை. சட்டையைக் கழற்றி அவள் தலைக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெற்று வயிற்றோடு மழையில் நிற்கிறார். "எப்படிடா இதை அவுக்கிறது, சொல்லித் தொலை" என்று கத்தினார். அவள் அவர் தொப்புளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வீட்டளவு பார்ப்பவரைக் கூட்டி வந்துவிட்டார், நல்ல நாளும் பார்த்துவிட்டு.

நேற்று அளந்தார்கள். அளவுக்காரர் மூங்கில் குச்சியோடு வந்து, "வீட்டுக்குப் பெரியவர் நில்லுங்க, இடுப்புல கை வைங்க" என்றார். அண்ணன் நின்றார். வைத்தார். முழங்கைக்கு முழங்கை, அவர் நம் அப்பாவைவிட நல்ல அகலம்தான், வண்டியும் நுழைந்திருக்கும். பிறகு கையை எடுத்துவிட்டார். "என்னை விடுங்க. வண்டியை அளங்க" என்றார். அளவுக்காரர் நாற்பது வருடமாக மனிதர்களைத்தான் அளந்திருக்கிறார். கொஞ்சம் யோசித்துவிட்டு, சக்கரத்துக்குச் சக்கரம் குச்சியில் கோடு போட்டார்.

அளவு மட்டும் போதாது, அதற்கு மேல் உயிர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசல் வெறும் கல் என்பார்களே. ஒரு பாதத்தைக் குறுக்கே வைத்து அந்த அகலத்தைக் கூட்டுவது. "யார் பாதம்?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "அவளோடது" என்றார்.

குச்சியை மண்ணில் கிடத்தினார்கள். நான் அவளைத் தூக்கிப் பிடித்தேன். அண்ணன் வந்து பிடரியைத் தாங்கினார். பாதம் மடங்கிக்கொண்டது. அவசரப்படுத்தவில்லை யாரும். விரல்களை ஒவ்வொன்றாக நீவி, குச்சியின்மேல் குறுக்கே தட்டையாக வைத்தேன். பாதி மூங்கிலிலும் பாதி மண்ணிலும் பட்டது. அளவுக்காரர் கத்தியால் கோடு கீறினார். மூன்று விரல் அகலம்கூட இல்லை, சுகெர்த்தி. நான் மூன்று எண்ணும்வரை அப்படியே வைத்திருந்தேன். உனக்காக எண்ணினேன்.

இதனால் அவள் நடந்துவிடப்போவதில்லை. கால்கள் அப்படியேதான் இருக்கின்றன. செப்டம்பருக்கு என்னிடமும் பதில் இல்லை. நீ வந்த பிறகு இருவரும் சேர்ந்து திண்டாடுவோம்.

பழைய வாசலை இன்று காலை இடித்தோம். நீ வரும்போது புதுச் சுவரில் பூச்சு காய்ந்திருக்காது, படிக்குப் பதில் சரிவு போட்டிருக்கும். விமான நிலையத்துக்கு நான் மட்டும் வருகிறேன். அவள் வாசலில் வண்டியில் இருப்பாள், அண்ணன் பக்கத்தில் நிற்பார். பட்டையை அவிழ்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் உள்ளே தள்ளிக்கொண்டு போகிற வேலையை யாரும் செய்யக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வலது பிடி உனக்கு.

உன்,
முதித்தா